மணம் முடிந்தது, கணக்கு முடியவில்லை

பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து வாங்கியவர்களுக்கு நம் ஊரில் மூன்று அறிவுரைகள் இலவசம். முன்னாள் கணவரோ மனைவியோ சொன்னபடி நடக்கவில்லை என்று யாரிடமாவது வாயைத் திறந்து பாருங்கள், மூன்றில் ஒன்று உடனே வந்து விழும்.

"அதெல்லாம் வெறும் பேப்பர்ம்மா. கோர்ட்டு வந்து வாங்கித் தரவா போகுது?" இது முதலாவது. "அவன் பேச்சு மாறிட்டான்ல, அப்ப விவாகரத்தும் செல்லாது. போய் கேன்சல் பண்ணு, பழைய கேஸைத் திரும்பப் போடு." இது இரண்டாவது. "தலைமுழுகியாச்சு. அவன் காசு நமக்கு எதுக்கு? விட்டுத் தொலை கண்ணு." இது மூன்றாவது. முதலாவதைக் கோர்ட்டுக்கு நடந்து களைத்தவர்கள் சொல்வார்கள். இரண்டாவதைச் சட்டம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் சொல்வார்கள். மூன்றாவதைப் பெற்றவர்கள் சொல்வார்கள்.

ஒன்றுக்கொன்று பொருந்தாதவை போலத் தெரிந்தாலும் மூன்றும் ஒரே வேரில் முளைத்தவை. பிரியும்போது போட்ட ஒப்பந்தம் இருவருடைய நல்லெண்ணத்தில்தான் நிற்கிறது, அது போய்விட்டால் ஒப்பந்தமும் போய்விடும் என்ற எண்ணமே அந்த வேர். அந்த எண்ணம் தவறு. ஒப்பந்தம் நீதிமன்றத்தின் தீர்ப்பாணைக்குள் ஏறிவிட்டால் அதற்கு யாருடைய நல்லெண்ணமும் தேவையில்லை. திருமணத்தின் முடிவு ஒன்று, அதை ஒட்டி ஏற்றுக்கொண்ட கடமைகள் இன்னொன்று. கடமை மீறப்பட்டதால் திருமணம் உயிர்பெற்று வராது. திருமணம் முடிந்துவிட்டதால் கடமையும் கரைந்து போகாது. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாததால்தான் வாங்க வேண்டியதை வாங்காமல் விடுகிறோம், ரத்து செய்ய முடியாததை ரத்து செய்ய அலைகிறோம்.

முதலில் இரண்டாவது அறிவுரை. மூன்றில் இதுதான் அதிகப் பணத்தையும் காலத்தையும் தின்பது.

1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் பரஸ்பர சம்மத விவாகரத்து முதலில் இல்லை. 1976 திருத்தத்தில்தான் 13பி பிரிவு வந்தது. ஓராண்டு பிரிந்து வாழ்ந்தவர்கள் இருவரும் சேர்ந்து மனுப் போடலாம். அதன்பின் ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதத்துக்குள், இருவரும் மறுபடி வந்து "ஆமாம், பிரிகிறோம்" என்று சொல்ல வேண்டும். இந்த இடைவெளியைச் சட்டம் சும்மா வைக்கவில்லை. மனம் மாறவும், பேரம் சரியில்லை என்று தோன்றினால் விலகவும் கொடுத்த அவகாசம் அது. தீர்ப்பாணை வரும் நிமிடம் வரை சம்மதம் நீடிக்க வேண்டும், ஒருவர் மட்டும் விலகிக்கொண்டாலும் விவாகரத்து கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 1991-இலேயே சொல்லிவிட்டது. தகுந்த வழக்குகளில் அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் சொன்னபோதுகூட, ஜீவனாம்சமும் குழந்தைப் பொறுப்பும் மெய்யாகவே பேசித் தீர்க்கப்பட்டிருக்க வேண்டும் என்பதை ஒரு நிபந்தனையாக வைத்தது.

ஆக, பின்வாங்குவதற்கான கதவு ஒன்று உண்டு. அது தீர்ப்பாணை வரும் நிமிடம் வரை திறந்திருக்கும். தீர்ப்பாணை வந்தபின் அந்தக் கதவு மூடிவிடும். குடும்ப நல நீதிமன்றங்கள் சட்டம், 1984, பிரிவு 19(2)-இன்படி சம்மதத்தின் பேரில் வந்த தீர்ப்பாணைக்கு மேல்முறையீடு இல்லை. சமரசமே சட்டப்படி செல்லாது என்று தனி வழக்குப் போட்டு அதை உடைக்கலாம் என்றால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 23, விதி 3ஏ குறுக்கே நிற்கிறது. தீர்ப்பாணை தந்த அதே நீதிமன்றத்துக்குப் போய், "என் சம்மதம் மோசடியாகவோ மிரட்டியோ தகாத நெருக்குதலாலோ பெறப்பட்டது" என்று நிரூபிப்பதுதான் மிச்சமிருக்கும் வழி.

அதை நிரூபிக்க என்ன வேண்டும்? "தருகிறேன் என்றான், தரவில்லை" என்பது போதாது. தரவே கூடாது என்ற எண்ணத்தோடு கையெழுத்துப் போட்டான் என்று காட்ட வேண்டும். நிறைவேற்றும் எண்ணமே இல்லாமல் கொடுத்த வாக்குறுதியை இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு மோசடி என்கிறது. கையெழுத்துப் போட்ட அன்றே, தருவதாகச் சொன்ன வீட்டை வேறொருவருக்கு விற்றிருந்தால், இல்லாத வங்கிக் கணக்கைக் காட்டியிருந்தால், வருமானத்தை மறைக்கப் போலி ஆவணம் கொடுத்திருந்தால் நிச்சயம் வாதாடலாம். முதல் மூன்று தவணையை ஒழுங்காகக் கட்டிவிட்டு நாலாவதில் நின்றுபோனவனை மோசடிக்காரன் என்று நிறுத்துவது கடினம். அவன் கடனாளி. கடனாளியிடம் கடனைத்தான் வசூலிக்க வேண்டும்.

சரி, ரத்து ஆகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். கிடைப்பது என்ன? வேண்டாம் என்று விட்டுவந்த திருமணம் சட்டப்படி திரும்பி வரும். பணம் வராது. அந்தத் தீர்ப்பாணையை நம்பி இரண்டில் ஒருவர் மறுமணம் செய்திருந்தால், இதில் சம்பந்தமே இல்லாத மூன்றாவது ஆளின் வாழ்க்கையும் குலையும். பதினைந்து லட்சம் வரவேண்டிய ஒருவர், அதற்குப் பதிலாகத் தன்னை ஏமாற்றியவனின் மனைவி என்ற பட்டத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

இதன் தம்பி போன்ற இன்னொரு யோசனையும் உண்டு: "மறுபடி 498ஏ போடு." பழைய குற்றச்சாட்டைச் சமரசத்தில் முடித்துக்கொண்டு, விவாகரத்தும் வாங்கிக்கொண்டு, பிறகு கிரிமினல் வழக்கை மட்டும் நடத்துவேன் என்றால் உயர் நீதிமன்றம் அதை நசுக்கிவிடும். 2004-இல் அப்படி வந்த ஒரு வழக்கை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மனைவியைக் கொடுமைப்படுத்துவதற்கான அந்த 498ஏ இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-ஆம் பிரிவாகிவிட்டது. எண் மாறினாலும் அது வசூல் கருவியாக மாறவில்லை.

தீர்ப்பாணையைத் தொடாமல் நிபந்தனைகளை மட்டும் மாற்றிக்கொள்ளவும் சட்டம் இடம் வைத்திருக்கிறது. சூழ்நிலை மாறினால் நிரந்தர ஜீவனாம்ச உத்தரவைக் கூட்டவோ குறைக்கவோ நீக்கவோ இந்து திருமணச் சட்டத்தின் 25(2) பிரிவு வழிசெய்கிறது. குழந்தையின் பொறுப்பு, படிப்புச் செலவு, சந்திப்பு நேரம் எல்லாம் 26-ஆம் பிரிவின் கீழ் எப்போது வேண்டுமானாலும் திருத்தத்தக்கவை. "மியூச்சுவல் வாங்கினவளுக்கு ஜீவனாம்சமே கிடையாது" என்று சொல்லித் திரிகிறார்களே, அதையும் 1995-இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. பரஸ்பர சம்மதத்தில் பிரிந்து வாழ்பவருக்கு ஜீவனாம்சம் இல்லை என்ற தடை திருமண பந்தம் நீடிக்கும் மனைவிக்குத்தான், விவாகரத்தானவருக்கு இல்லை. ஒப்பந்தத்தில் அவரே தொகை வாங்கிக்கொண்டு உரிமையை விட்டிருந்தால் அது வேறு வாதம்.

இனி முதல் அறிவுரை. "வெறும் பேப்பர்."

குடும்ப நல நீதிமன்றத்தின் தீர்ப்பாணையை உரிமையியல் நீதிமன்றத்தின் தீர்ப்பாணை போலவே நிறைவேற்றலாம் என்கிறது 1984 சட்டத்தின் 18-ஆம் பிரிவு. வக்கீல்கள் ஈ.பி. என்று சொல்லும் நிறைவேற்று மனு இதற்குத்தான். அந்த மனுவின் கையில் என்னென்ன ஆயுதம் இருக்கிறது என்று பார்த்தால் "வெறும் பேப்பர்" என்று சொல்ல வாய் வராது.

சம்பளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கடனுக்குச் சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக்கூடாது. ஜீவனாம்சத் தீர்ப்பாணை என்றால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு மூன்றில் ஒரு பங்கை மட்டுமே காப்பாற்றுகிறது. 60,000 ரூபாய் சம்பளக்காரரிடம் வட்டிக்கடைக்காரர் மாதம் 20,000-க்குச் சற்றுக் குறைவாகத்தான் ஜப்தி செய்ய முடியும். அவருடைய குழந்தைக்கான ஜீவனாம்சத் தீர்ப்பாணை 40,000 வரை எட்டும். கடன் கொடுத்த அத்தனை பேருக்கும் மேலே சட்டம் அந்தக் குழந்தையை உட்கார வைத்திருக்கிறது. உத்தரவு நேராகச் சம்பளம் போடும் அலுவலகத்துக்கே போகும். அரசு வேலையா தனியார் வேலையா என்ற பேதம் இல்லை.

வங்கிக் கணக்கை முடக்கலாம். சொத்தை ஜப்தி செய்து ஏலம் விடலாம். "எங்கிட்ட எதுவுமே இல்லை" என்றால், முப்பது நாளாகியும் தீராத பணத் தீர்ப்பாணைக்குச் சொத்து விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்யச் சொல்லலாம். அதற்கும் மசியாவிட்டால் மூன்று மாதம் வரை சிவில் சிறை. கொடுக்க வசதி இருந்தும் வேண்டுமென்றே கொடுக்காதவரையும் சிவில் சிறைக்கு அனுப்பலாம். ஆனால் வசதியே இல்லாதவரை, ஏழை என்ற ஒரே காரணத்துக்காக உள்ளே போட முடியாது என்று 1980-இல் உச்ச நீதிமன்றம் எல்லை போட்டது. பணத் தீர்ப்பாணைக்காகப் பெண்களைக் கைது செய்யவும் சட்டம் இடம் தருவதில்லை. இரண்டும் நியாயமான எல்லைகள்தான்.

வீட்டை எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டவர் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வர மறுக்கிறார். பலர் இதோடு எல்லாம் போச்சு என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். கட்டளை 21, விதி 34 என்ன சொல்கிறது? பத்திரத்தின் வரைவைத் தயாரித்து நீதிமன்றத்தில் கொடுங்கள், அவர் கையெழுத்துப் போடாவிட்டால் நீதிமன்றமே அவருக்குப் பதிலாகக் கையெழுத்துப் போடும். அவருடைய பேனா தேவையே இல்லை.

காலக்கெடுவும் தாராளம்தான். 1963 காலவரைச் சட்டத்தின் 136-ஆவது இனம் நிறைவேற்று மனுவுக்குப் பன்னிரண்டு ஆண்டு தருகிறது. தவணையாகத் தர வேண்டிய தொகைக்கு ஒவ்வொரு தவணையும் தவறிய நாளிலிருந்து தனித்தனியாக எண்ண வேண்டும். 2025 ஜூன் மாதத் தவணைக்கு 2037 ஜூன் வரை நேரம் இருக்கிறது. ஆனால் குற்றவியல் நடைமுறையின் பழைய 125-ஆம் பிரிவின் கீழ், அதாவது 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவின் கீழ், மாத ஜீவனாம்ச உத்தரவு வாங்கியிருந்தால் பாக்கிக்கான வாரண்டுக்கு ஓராண்டுக்குள் மனுப் போட வேண்டும். நீதிமன்றத்திடம் நேரடியாகக் கொடுத்த உறுதிமொழியை வேண்டுமென்றே மீறினால் 1971 நீதிமன்ற அவமதிப்புச் சட்டமும் பாயும். அதற்கும் கெடு ஓராண்டுதான். "இன்னும் ஒரு வாரம், இன்னும் ஒரு மாசம்" என்று அவர் இழுத்தடிப்பதற்கு இந்த ஓராண்டுக் கெடுக்களும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம்.

எதிர்த்தரப்பில் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. அதை மழுப்பக்கூடாது. "சட்டப் புத்தகத்தில் எல்லாம் இருக்கும். ஈ.பி. நகர்வதற்குள் பிள்ளை காலேஜ் முடித்துவிடும்." உண்மைதான். இந்தியாவில் வழக்காடியின் தொல்லையே தீர்ப்பாணை கிடைத்த பிறகுதான் தொடங்குகிறது என்று பிரிவி கவுன்சில் வருந்தியது 1872-இல். நூற்றைம்பது ஆண்டு கழித்து, 2021-இல், நிறைவேற்று மனுக்களை ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. 2025 மார்ச்சில், தமிழ்நாட்டிலிருந்தே போன ஒரு சொத்து வழக்கில், அதை மீண்டும் வலியுறுத்தி நிலுவைக் கணக்குக் கேட்டது. நாடு முழுவதும் 8.8 லட்சத்துக்கும் மேல் நிறைவேற்று மனுக்கள் தேங்கிக் கிடப்பதாகக் கணக்கு வந்தது.

இந்தத் தேக்கத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அதிலிருந்து "பேப்பருக்கு மதிப்பில்லை" என்ற முடிவுக்குத் தாவுவதை மறுக்கிறேன். தேக்கம் எல்லா மனுவையும் ஒரே அளவில் தாமதப்படுத்துவதில்லை. எதிர்த்தரப்பு வாய்தா மேல் வாய்தா வாங்க வேண்டுமானால் சொல்வதற்கு ஏதாவது ஒரு சாக்கு வேண்டும். அந்தச் சாக்கை எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் நாமே எழுதிய ஒப்பந்தம்தான்.

மாதிரிக்கு ஒரு பத்தி. குடும்ப நல நீதிமன்றக் கட்டுகளில் இந்தச் சாயலில் ஏராளமாகக் காணலாம்:

"முதல் மனுதாரர் இரண்டாம் மனுதாரருக்குச் செட்டில்மெண்ட் தொகையாக ரூ. 15,00,000 தரவும், வேளச்சேரி வீட்டில் தன் பங்கை எழுதித் தரவும், 40 பவுன் நகையைத் திருப்பித் தரவும் சம்மதிக்கிறார். குழந்தையை இரு தரப்பும் பேசி முடிவுசெய்யும் நேரங்களில் தந்தை பார்க்கலாம்."

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. நிறைவேற்றப் போனால் ஒவ்வொரு சொல்லும் காலை வாரும். பதினைந்து லட்சம் எப்போது? தேதி இல்லை. எப்போது தவறினார் என்றே சொல்ல முடியாது. "செட்டில்மெண்ட் தொகை" என்று எழுதியதால் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரை எட்டும் ஜீவனாம்சத் தீர்ப்பாணை இது இல்லை என்று வாதாட இடம் கொடுத்தாகிவிட்டது. வேளச்சேரியில் எந்த வீடு? கதவு எண், சர்வே எண், பிரிபடாத மனைப் பங்கு எதுவும் இல்லை. விவாகரத்து மனுவின் சொத்து விவர அட்டவணையில் அந்த வீடு இல்லையென்றால், வழக்கில் அடங்காத சொத்தைப் பற்றிய சமரசத் தீர்ப்பாணையைப் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு. வீட்டுக்கடன் பாக்கியை யார் கட்டுவது? கணவன் கட்டுவான் என்று இருவரும் எழுதிக்கொண்டாலும் வங்கி அந்த ஒப்பந்தத்தில் தரப்பு இல்லை. இணைக் கடனாளியாகக் கையெழுத்துப் போட்ட மனைவியை அது விடாது. இ.எம்.ஐ. தவறினால் அவருடைய சிபில் மதிப்பெண்ணும் சேர்ந்தே சரியும்.

நாற்பது பவுன் என்றால் எந்த நாற்பது? காசுமாலையா, நெக்லஸா, தாய்வீட்டில் போட்ட வளையலா? ஒவ்வொன்றும் எத்தனை கிராம்? பொருளாகத் திரும்பக் கிடைக்காவிட்டால் அதற்கு ஈடான தொகை இவ்வளவு என்று தீர்ப்பாணையிலேயே சொல்ல வேண்டும் என்பது கட்டளை 20, விதி 10. அந்த ஒரு வரி இருந்தால் "நகை தொலைஞ்சு போச்சு" என்ற பதில் செல்லாது. அந்த வரி இல்லாததால் எத்தனை மனுக்கள் "எந்த நகை" என்ற சண்டையிலேயே நின்றுவிடுகின்றன. குழந்தையை "பேசி முடிவுசெய்யும் நேரங்களில்" பார்க்கலாம் என்று எழுதியவர், பேசவே முடியாமல்தானே இந்த இருவரும் பிரிந்தார்கள் என்பதை எப்படி மறந்தார்?

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. தீர்ப்பாணையில் "திருமணம் கலைக்கப்பட்டது" என்று ஒரே வரி மட்டும் வந்து, நிபந்தனைகள் தனி ஒப்பந்தத்தாளிலேயே தங்கிவிட்டால், நிறைவேற்றும் நீதிமன்றத்தால் தீர்ப்பாணைக்கு வெளியே போக முடியாது. வேறு வழக்குப் போட்டு முதலிலிருந்து வர வேண்டியதுதான். நூறு ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி முத்திரை வாங்கி வைத்திருப்பவர்கள் நிலை இன்னும் மோசம். வழக்காற்றில் உள்ள விவாகரத்தைச் சட்டம் காப்பாற்றும் சில சமூகங்கள் நீங்கலாக, அந்தத் தாள் விவாகரத்தையே தராது. அந்தத் தாளைப் பார்த்துத்தான் "வெறும் பேப்பர்" என்று சொன்னார்கள் என்றால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதைச் சொல்ல வேண்டிய நேரம் கையெழுத்துக்கு முன்பு.

இதே பேரத்தை வேறு விதமாகவும் எழுதலாம். ஐந்து லட்சம் முதல் கட்ட மனுவின்போது. ஐந்து லட்சம் இரண்டாம் கட்டத்தில், நீதிபதி முன்னிலையில் டி.டி.யாக. மீதி ஐந்து லட்சம் நிரந்தர ஜீவனாம்சத்தின் பகுதியாக, குறிப்பிட்ட தேதிக்குள், குறிப்பிட்ட வங்கிக் கணக்கில். தவறினால் இத்தனை விழுக்காடு வட்டி. அது தீரும் வரை இன்ன கதவு எண் வீட்டின் மீது பொறுப்பு. வீட்டுப் பத்திரம் இரண்டாம் கட்டத்துக்கு முன்பே பதிவாகிவிட வேண்டும், கடனில் இணைக் கடனாளியின் பெயரை நீக்கி வங்கி கொடுத்த கடிதத்தோடு. நகைப் பட்டியல் கிராம் கணக்கோடு, மாற்றுத் தொகையோடு. குழந்தையோடு சந்திப்பு இரண்டாம், நான்காம் சனிக்கிழமை, காலை பத்திலிருந்து மாலை ஆறு வரை, கொண்டுவிடும் இடம் இன்னது, கோடை விடுமுறையில் இத்தனை நாள். கடைசியாக ஒரு வரி: இந்த நிபந்தனைகள் யாவும் தீர்ப்பாணையின் பகுதியாகும்.

முடிந்ததை எல்லாம் கையில் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடு, முடியாததை நிறைவேற்றத்தக்க வரிகளாக எழுதி வாங்கு. இவ்வளவுதான் சூத்திரம். இதைச் செய்தவரின் ஈ.பி.யில் எதிர்த்தரப்பு விவாதிக்க எதுவும் மிச்சமிருக்காது. பணம் கட்டினாயா இல்லையா என்ற ஒரே கேள்விக்கு எத்தனை வாய்தா கேட்க முடியும்?

இந்த இடத்தில் இன்னொரு தரப்பின் குரலையும் கேட்க வேண்டும். ஒப்பந்தத்தை மீறுவது ஆண்கள் மட்டுமில்லை. பணத்தை முழுதாக வாங்கிக்கொண்டு புகாரைத் திரும்பப் பெறாத மனைவியரும் உண்டு. குழந்தையைச் சனிக்கிழமை தோறும் "காய்ச்சல்" என்று மறைக்கும் தாய்மாரும் உண்டு. அப்படி ஏமாந்த ஒரு தந்தையிடம் நம் ஊர் சொல்லும் புத்திமதி என்ன? "பிள்ளையைக் காட்டலைன்னா காசை நிறுத்து." ஒப்பந்தம் நல்லெண்ணத்தில் நிற்கிறது என்ற அதே எண்ணம்தான் இங்கேயும். நீ அதை மீறினாய், நான் இதை மீறுகிறேன் என்பது தெருச் சண்டையின் நியாயம்.

குழந்தையின் ஜீவனாம்சம் தாயின் நடத்தைக்குக் கொடுக்கும் சன்மானம் இல்லை. அது குழந்தையின் உரிமை. தாயே "எனக்கு ஒண்ணும் வேண்டாம், பிள்ளைக்கும் வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்திருந்தாலும் அந்த எழுத்து குழந்தையைக் கட்டுப்படுத்தாது. 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு மணமாகாத மகள் தன்னைத் தானே பராமரித்துக்கொள்ள முடியாதவரை அந்தக் கடமையை நீட்டுகிறது. பணத்தை நிறுத்திய தந்தை அடுத்த வாய்தாவில் தானே குற்றவாளிக் கூண்டுக்குள் நடந்து போகிறார். சந்திப்பு மறுக்கப்பட்டது என்று இந்து திருமணச் சட்டத்தின் 26-ஆம் பிரிவில் மனுப் போட்டு, தவறிய ஒவ்வொரு சனிக்கிழமையையும் தேதியோடு எழுதி, பணம் கட்டிய ரசீதுகளை இணைத்து நின்றிருந்தால் நீதிபதியின் பார்வை யார் மீது திரும்பியிருக்கும்? புகாரைத் திரும்பப் பெறாவிட்டால் உயர் நீதிமன்றம் போய் சமரசத்தைக் காட்டி வழக்கை ரத்து செய்யக் கேட்கலாம். அந்த வழி முன்பே சொன்னது போல் நடந்து பழகிய பாதை. இரு தரப்புக்கும் சட்டம் ஒன்றைத்தான் சொல்கிறது: உன் பங்கை நிறைவேற்று, அவர் பங்கை நீதிமன்றத்தின் மூலம் வாங்கு.

கடைசியாக மூன்றாவது அறிவுரை. பாசத்தோடு வருவதால் இதை மறுப்பதுதான் கடினம்.

"அவன் காசு நமக்கு எதுக்கு?" என்கிற அம்மாவுக்கு மகளின் மானம் பெரிது. இன்னொரு முறை கோர்ட்டு படி ஏறினால் அக்கம்பக்கம் என்ன பேசும் என்ற கவலையும் அதற்குள் இருக்கிறது. ஆனால் அது அவன் காசு என்று யார் சொன்னது? அந்தப் பதினைந்து லட்சத்துக்குப் பதிலாக அவள் ஒன்றைக் கொடுத்திருக்கிறாள். வழக்கை நடத்தும் உரிமையை விட்டாள், மாதாமாதம் கேட்கும் உரிமையை விட்டாள், வீட்டில் பங்கு கேட்கும் வாதத்தை விட்டாள். விலை கொடுத்து வாங்கியதை டெலிவரி கேட்பதில் மானக்கேடு எங்கே வந்தது? கடைக்காரர் பாக்கி கேட்டால் அவரை மானம் கெட்டவர் என்கிறோமா? பெண் கேட்டால் மட்டும் கையேந்துவதாகத் தெரிகிறது.

விட்டுக் கொடுப்பதற்கும் ஒரு நியாயமான நேரம் உண்டு. வரவேண்டியது சொற்பம், அவரிடம் நிஜமாகவே ஒன்றும் இல்லை, குழந்தை பெரியவளாகிவிட்டாள் என்றால் கணக்குப் பார்த்து விடலாம். அது தெரிந்து எடுத்த முடிவு. கணக்கே பார்க்காமல் "போனாப் போகுது" என்பது அந்த ஆளின் கணக்கை நாமே முடித்துக் கொடுப்பது. அவர் நம்பியிருந்ததும் இதைத்தான். ஏமாற்றுகிறவர் எவரும் சட்டத்தின் பலவீனத்தை மட்டும் நம்புவதில்லை. எதிராளி களைத்துப்போவார் என்பதையும் சேர்த்தே நம்புகிறார்.

இதில் நீதிமன்றங்களுக்கும் பங்கு உண்டு. 13பி மனுவில் சம்மதம் சுயமானதா என்று பார்க்கும் கடமையைச் சட்டமே நீதிபதியின் மீது வைத்திருக்கிறது. அந்தக் கேள்வியோடு இன்னும் மூன்றைச் சேர்த்துக் கேட்பதற்கு எந்தத் திருத்தமும் வேண்டாம்: எந்தத் தேதியில்? எந்தச் சொத்து? தவறினால் என்ன? பதில் இல்லாத ஒப்பந்தத்தைத் திருத்தி எடுத்து வரச் சொல்லித் திருப்பி அனுப்பலாம். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005-இல் தொடங்கிய சமரச மையம் நாட்டுக்கே முன்மாதிரி என்று பெருமைப்படுகிறோம். அங்கே எழுதப்படும் ஒவ்வொரு சமரசமும் நாளைக்கு ஒரு ஈ.பி.யாக நிற்கத் தகுதியானதா என்று கையெழுத்துக்கு முன் ஒருமுறை படித்துப் பார்த்தால் அந்தப் பெருமைக்கு இன்னும் அழுத்தம் கூடும். வக்கீல் வைக்க வசதியில்லை என்பதும் இங்கே தடையாகக் கூடாது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவசச் சட்ட உதவி தருகிறது 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம். அது நிறைவேற்று மனுவுக்கும் சேர்த்துத்தான். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அதன் அலுவலகம் இருக்கிறது.

ஆகவே, முன்னாள் துணை பேச்சு மாறினால் கேட்க வேண்டிய முதல் கேள்வி "விவாகரத்தை ரத்து செய்யலாமா?" என்பதில்லை. "நிபந்தனை தீர்ப்பாணைக்குள் இருக்கிறதா, எந்தத் தேதியில் தவறியது, அவர் பெயரில் என்ன இருக்கிறது?" என்பதுதான். மூன்றுக்கும் பதில் இருந்தால் சான்றிட்ட நகலை எடுத்துக்கொண்டு ஈ.பி. போடுங்கள். இன்னும் கையெழுத்துப் போடாதவர் என்றால் உங்கள் அதிர்ஷ்டம், கதவு இன்னும் திறந்திருக்கிறது. அந்த மூன்றுக்கும் பதில் எழுதாத எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள், இரண்டாம் கட்ட மனு எத்தனை முறை தள்ளிப்போனாலும் சரி.